ஐந்தரைக்குப் பிறகு எத்தனை பேர்? வெள்ளவத்தைப் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு 06இல் இயங்கும் பதிவுபெற்ற பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றில், 2024 தொடக்கம் 2025 கடைசி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிப்பது என் வேலை. அந்த நிலையத்தின் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனதால் அதன் பதிவேடுகளைப் பார்க்கவும், நிறுவுநரோடும் பராமரிப்பாளர்களோடும் நீண்ட நேரம் பேசவும் முடிந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன்.

பின்னணி

நிறுவுநர் தனியார் வங்கி ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, 2021இல் தன் மாடிக்குடியிருப்பில் இருந்த இரண்டு தாய்மாரின் பிள்ளைகளையும் தன் பிள்ளையோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். அப்போது அது தொழில் இல்லை, அயலவருக்குச் செய்த உதவி. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. அலுவலகங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதால் வந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். 2023இல் அலுவலகங்கள் திரும்பவும் ஆட்களைக் கூப்பிட்டபோது நிலைமை தலைகீழானது. அவர் வீட்டு வரவேற்பறையில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள், இன்னும் பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாடிக்குடியிருப்பு நிர்வாகம் ஆட்சேபித்தது. அதோடு இரண்டு பெற்றோரின் நிறுவனங்கள் பிள்ளைப் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தர முன்வந்து, பதிவுபெற்ற நிலையத்தின் பற்றுச்சீட்டைக் கேட்டன. நிறுத்துவதா, ஒழுங்காகச் செய்வதா என்ற கேள்விக்கு அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். 2024 தையில் நிலையம் திறந்தது.

பதிவும் கோப்பும்

முன்பள்ளி வேறு, பகல் பராமரிப்பு வேறு. முன்பள்ளிக்கு வரும் பிள்ளை சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடும். பகல் பராமரிப்பில் பிள்ளை உண்டு, உறங்கி, குளித்து, காய்ச்சல் வந்து, மருந்து குடித்து நாள் முழுக்க இருக்கிறது. ஒன்றுக்கான ஆவணங்கள் மற்றதற்குப் போதாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் வெளியிட்ட பகல் பராமரிப்பு நிலையங்களுக்கான வழிகாட்டலை வைத்துக்கொண்டுதான் நிறுவுநர் தன் கோப்பைக் கட்டினார். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கடிதம் எழுதுவதற்கு முன்னரே நேரில் போய்ச் சந்தித்தார். அது நல்ல முடிவு. எந்தத் தாளை முதலில் எடுப்பது என்ற ஒழுங்கு அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

வியாபாரப் பெயர்ப் பதிவு, வீட்டுக்காரரின் எழுத்து மூலச் சம்மதம், கட்டட வரைபடம், தீயணைப்புக் கருவிகள், வெளியேற இரண்டு வழி, ஒவ்வொரு ஊழியருக்கும் பொலிஸ் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் என்று கோப்பு தடித்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குசினி, மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கூரைப் பீலியையும் நின்று பார்த்தார். நுளம்பு பெருக இடம் கொடுப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வெள்ளவத்தை போன்ற நெருக்கமான இடத்தில் பிள்ளைகள் பகலில் தூங்கும் கட்டடத்துக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சிறுவர் துன்புறுத்தலை அறிவிக்கும் 1929 என்ற இலக்கம் மூன்று மொழியிலும் வாசலில் ஒட்டப்பட்டது.

ஆள் கணக்கில் நிறுவுநர் கறாராக இருந்தார். இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று வயதும் அதற்கு மேலும் என்றால் எட்டுப் பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் இப்போதுள்ள கணக்கும் இதுவே. அவரிடம் முறையே ஆறு, பத்து, எட்டு என்று மொத்தம் 24 பிள்ளைகள். அதற்கு ஐந்து பராமரிப்பாளர்கள். சமையலுக்கு அவருடைய சின்னம்மா. பரிசோதனைக்கு வந்தவர்கள் முற்பகலில் வந்தார்கள். அந்த நேரம் ஐந்து பேரும் நின்றார்கள், கணக்கு சரியாக இருந்தது. பதிவும் கிடைத்தது.

கோப்பில் தெரியாத ஒன்று

நிலையம் காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும், அதாவது 11 மணி நேரம். ஒரு பராமரிப்பாளரின் வேலை நேரம் எட்டு மணி. முழு நேரமும் ஐந்து பேர் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 55 ஆள்மணி தேவை. ஐந்து பேர் தரக்கூடியது 40. மிச்சம் 15ஐ நிறுவுநரும் சின்னம்மாவும் இடையிடையே நிரப்பினார்கள், நிரப்பாத நேரமும் இருந்தது.

பகல் பராமரிப்பு நிலையம் தொடங்க விரும்பும் யாரிடமும் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். சம்பளப் பட்டியலில் ஐந்து பேர் இருப்பதும், அறையில் பிள்ளைகளோடு ஐந்து பேர் இருப்பதும் வெவ்வேறு. பிள்ளைகள் ஒன்றாக வருவதோ ஒன்றாகப் போவதோ இல்லை என்பதால், நாளின் நடுவில் சரியாக இருக்கும் விகிதம் இரண்டு ஓரங்களிலும் கிழிந்துவிடும்.

அவதானித்தது

2024 ஆனி மாதத்தில் பராமரிப்பாளர் ஒருவர் வேலையை விடப் போவதாகச் சொன்னார். வத்தளையிலிருந்து வருபவர். "பிள்ளையளைப் பாக்கிறது கஷ்டமில்லை அக்கா, ஆனா ஆறு மணிக்கு மேல எந்த நாளும் நிண்டு, பிறகு பஸ் எடுத்து வீட்ட போக எட்டரையாகுது" என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதோடு நிறுவுநர் விட்டிருக்கலாம். ஆனால் வங்கியில் பழகியவர், எழுதிப் பார்க்க நினைத்தார். ஒரு கொப்பியில் அரை மணிக்கு ஒரு முறை, உள்ளே எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று மட்டும் குறித்து வைத்தார். மூன்று வாரம் இதைச் செய்தார்.

இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. ஒன்று பகல் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை, பராமரிப்பாளர்கள் மாறி மாறிச் சாப்பிடும் நேரம். பெரும்பாலான பிள்ளைகள் அப்போது உறக்கத்தில் இருப்பார்கள். கைக்குழந்தைகளை மல்லாந்து படுக்கவைத்து, ஒருவர் அறையை விட்டு அசையாமல் இருந்தால் சமாளிக்கலாம். மற்றது மாலை. ஐந்து மணிக்குச் சராசரியாக 19 பிள்ளைகளும் ஐந்து பெரியவர்களும் இருந்தார்கள். ஐந்தரைக்கு 11 பிள்ளைகளுக்கு இரண்டு பேர். ஆறு மணிக்கு, மூடவேண்டிய நேரத்தில், ஆறு ஏழு பிள்ளைகளுக்கு பல நாட்களில் ஒரே ஒருவர். அந்த ஆறு ஏழு பேரில் அநேகமாக இரண்டு கைக்குழந்தைகள். வயது வாரியாகப் பிரித்து வைத்த அறைகள் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாகி, பிள்ளைகள் களைத்து, பசித்து, ஒவ்வொரு தரமும் கேற் திறக்கும்போது வாசலைப் பார்த்து ஓடுவார்கள்.

பிந்தி வருபவர்கள் யார் என்பதும் எதிர்பார்த்தபடி இல்லை. கோட்டையிலிருந்தும் மருதானையிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள் மழை நாளில் பிந்தினார்கள், மற்ற நாளில் நேரத்துக்கு வந்தார்கள். வங்கியில் இருப்பவர்கள் மாதக் கடைசியில் பிந்தினார்கள். ஒரு தாய் தாதி, அவருடைய கடமை மாற்றம் அவர் கையில் இல்லை. அடிக்கடி பிந்தியவர்களில் மூவர் நடந்து வரும் தூரத்தில் இருந்தவர்கள். வேலையால் வந்து, சந்தைக்குப் போய், வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டு, ஒரு குளிப்பும் முடித்துக்கொண்டு பிள்ளையை எடுக்க வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை கையில் வந்துவிட்டால் அந்த வேலைகள் எதுவும் நடக்காது என்பது வீட்டில் தனியாகச் சமைக்கும் எந்தத் தாய்க்கும் தெரியும். ஆனால் அவர்கள் அமைதியாகச் சமைத்த அந்த முக்கால் மணி நேரத்தை வத்தளைக்குப் போகவேண்டிய ஒருத்தி சுமந்துகொண்டிருந்தார்.

முதல் முயற்சி: பிந்தினால் கட்டணம்

வாட்ஸ்அப் குழுவில் பணிவான அறிவித்தல்கள் போயின. நாலைந்து நாள் பலன் இருந்தது. ஆவணியில் நிறுவுநர் ஒரு விதி கொண்டுவந்தார். ஆறு மணிக்குப் பிறகு ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 300 ரூபா.

பிந்துவது கூடியது. முன்பு பிந்தினால் ஓடி வந்து, மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்ட பெற்றோர், இப்போது ஆறுதலாக வந்தார்கள். "அக்கா, இண்டைக்கு ஆறே முக்காலாகும், காசு மாதக் கடைசியில சேர்த்துத் தாறன்" என்று முற்கூட்டியே தகவல் அனுப்பினார்கள். அவர்கள் பக்கத்தில் அதில் நியாயம் இருந்தது. விலை சொல்லப்பட்டது, வாங்கினார்கள்.

இதே போன்ற ஒன்று முன்பே ஆராயப்பட்டிருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பராமரிப்பு நிலையங்களை எடுத்து, ஊரி க்னீசி, அல்டோ ருஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. பத்து நிமிடத்துக்கு மேல் பிந்துவோருக்குச் சில நிலையங்களில் 10 ஷெக்கல் தண்டம் விதித்தார்கள். பிந்துவோர் தொகை ஏறக்குறைய இரு மடங்கானது. தண்டத்தை எடுத்துவிட்ட பிறகும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. இந்த ஆய்வைப் பற்றி நான் சொன்னபோது நிறுவுநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்களுக்கு வந்த காசு ஆரிட்ட போனது?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த 300 ரூபாக்கள் நிலையத்தின் பொதுச் செலவில் கரைந்தன. மாலையில் நிற்க இன்னொரு ஆளை அவை கொண்டுவரவில்லை. பெற்றோர் ஒரு சேவைக்குக் காசு கொடுத்தார்கள், அந்தச் சேவையைச் செய்ய ஆளே வைக்கப்படவில்லை. தண்டத்தின் உண்மையான பிழை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

விழுந்த நாள்

2024 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. இடைப்பருவ மழைக் காலம், நாலு மணிக்குப் பிடித்த இடிமழை ஆறு மணிக்கும் விடவில்லை. ஒழுங்கையில் வெள்ளம் நின்றதால் ஒரு தகப்பன் காரை உள்ளே கொண்டுவர முடியாமல் காலி வீதி முனையில் நிறுத்தியிருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு நிறுவுநர் போனார். உள்ளே ஐந்து பிள்ளைகளும் ஒரு பராமரிப்பாளரும். அவர் ஏழு மாதக் குழந்தை ஒன்றை மடியில் வைத்துப் பால் பருக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு மணி பத்து நிமிடமளவில் கேற் சத்தம் கேட்டு, 16 மாத ஆண்பிள்ளை ஒன்று வாசலுக்கு ஓடி, சப்பாத்துத் தட்டில் ஏறி, தட்டோடு சரிந்து முகம் நிலத்தில் அடிபட விழுந்தது. மேலுதடு வெடித்தது. முன் பாற்பல் ஒன்று முரசுக்குள் ஏறிவிட்டது. பராமரிப்பாளர் கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத்தான் மற்றப் பிள்ளையிடம் போக முடிந்தது. சில விநாடிகள்தான். ஆனால் அந்த விநாடிகளை அவர் பல மாதம் சொல்லிச் சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகு செய்யப்பட்டவை சரியானவை. சுத்தமான குளிர்ந்த துணியால் உதட்டை அழுத்திப் பிடித்தார். பல்லைத் தொட்டு இழுக்க முயலவில்லை. உள்ளே ஏறிய பாற்பல்லை இழுக்கக் கூடாது, விழுந்த பாற்பல்லைத் திரும்ப வைக்கவும் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது கேடு. நிறுவுநர் ஓடிவந்ததும் தாய்க்கு அழைத்து நடந்ததைச் சொன்னார், பிறகு பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலையில் காயம் இல்லை. வாந்தி, மயக்கம், வழமைக்கு மாறான தூக்கம் ஏதும் இருக்கிறதா என்று 24 மணி நேரம் பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் பல் வைத்தியர், பல் பெரும்பாலும் தானாகவே இறங்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

மருத்துவமனையில் அடிபட்ட பிள்ளையின் தகப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, அந்த நேரம் பிள்ளையளோட எத்தினை பேர் நிண்டனீங்கள்?"

"ஒராள்தான் தம்பி. நான் ஒழுங்கை முனையில நிண்டனான்."

அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அன்றிரவு எடுத்த முடிவு

விபத்துப் பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது. "விளையாடும்போது ஓடி விழுந்தார்" என்று எழுதினால் போதும், பொய் இல்லையே என்று உறவினர் ஒருவர் சொன்னார். நிறுவுநர் எழுதியது வேறு. நேரம், மழை, தான் வெளியே போனது, எதற்காகப் போனது, உள்ளே ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் இருந்தது, அவர் கையில் கைக்குழந்தை இருந்தது, சப்பாத்துத் தட்டு சுவரில் பொருத்தப்படாமல் இருந்தது. எல்லாம் எழுதினார்.

ஏன் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். எண்ணிக்கையை எழுதாவிட்டால் பழி பராமரிப்பாளர் மேல் விழும். அன்று யார் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இரண்டாவது, எண்ணிக்கை எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவரே அதை மறந்துவிடக்கூடும். திங்கட்கிழமை அந்தப் பதிவின் சுருக்கத்தைப் பிள்ளையின் பெயர் இல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் கடிதமாகக் கொடுத்தார். பிரதேச செயலக உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போது அவருக்கு இருந்த பயத்தை நான் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் மன்னிப்பும் இருந்தது, ஆனால் அதன் பெரும்பகுதி அரை மணிக் கணக்குக் கொப்பியின் மூன்று வார எண்கள். அதைப் படித்த பெற்றோர் பலர் தங்கள் பிள்ளை ஆறு மணிக்கு எந்த நிலையில் இருந்தது என்பதை அன்றுதான் முதன்முறையாக அறிந்தார்கள்.

மாற்றங்களும் காரணங்களும்

முதலாவது மாற்றத்துக்கு விலக்கே கிடையாது. கடைசிப் பிள்ளை போகும்வரை உள்ளே இரண்டு பெரியவர்கள். ஒருவர் வாசலுக்குப் போனாலும் ஒருவர் பிள்ளைகளோடு. ஒழுங்கை முனையில் ஒப்படைப்பது நிறுத்தப்பட்டது. பெற்றோர் நனைந்தாலும் வாசலுக்கு வரவேண்டும்.

அப்புறம் மாலை நேரம் வெளிப்படையாகப் பிரிக்கப்பட்டது. பொதுவான மூடும் நேரம் ஐந்தரை. ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை எட்டு மாலை இடங்கள், அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லை. மாதம் 6,500 ரூபா, பிள்ளை நின்றாலும் நிற்காவிட்டாலும். பிந்துவோர் தண்டம் முற்றாக எடுக்கப்பட்டது. மாலை இடம் இல்லாதவர் மாதத்தில் மூன்று முறை பிந்தினால், பேசி, மாலை இடம் எடுப்பதா, வேறு ஒருவர் வந்து எடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். பிள்ளையை எடுக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அடையாள அட்டைப் பிரதியோடு புதுப்பிக்கப்பட்டது. அம்மம்மாக்களும் சித்தப்பாக்களும் அதில் புதிதாகச் சேர்ந்தார்கள்.

எட்டு இடங்களின் வருமானம் 52,000 ரூபா. ஆறாவது பராமரிப்பாளரின் சம்பளம் 42,000. அதற்கு ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்தால் 48,300. (சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 சித்திரையில் 27,000 ரூபாவானது. வாடகை அறையில் தங்கி வேலை செய்யும் ஒருவர் கொழும்பில் அதில் வாழ முடியாது.) இரவு போகும் இருவரை பஸ் தரிப்பிடம் வரை முச்சக்கரவண்டியில் அனுப்ப மாதம் சுமார் 10,000. ஆக 6,300 குறைகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதக் கட்டணத்தை 500 ரூபா உயர்த்தியதில் 12,000 வந்தது. நிலையத்தின் மொத்த மாத வருமானம் அப்போது 670,000 ரூபா. அதில் 180,000 வாடகைக்கே போனது. எல்லாச் செலவும் போக மிஞ்சியது இருபதாயிரத்துச் சொச்சம். பகல் பராமரிப்பு பெரிய லாபம் தரும் தொழில் என்று யாராவது சொன்னால், அவர் ஆள் கணக்கில் எங்கோ கை வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

வேலை நேரம் மூன்றாக அமைந்தது. இருவர் ஏழு முதல் மூன்றரை, இருவர் ஒன்பது முதல் ஐந்தரை, இருவர் பத்தரை முதல் ஏழு. சாப்பாட்டுக்கு அரை மணி போக எல்லோருக்கும் எட்டு மணி. மாலை ஆறுக்குப் பிறகு பெண்களை வேலைக்கு வைப்பதில் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், தொழில் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கடைசி நேர அட்டவணை எழுதப்பட்டது. வத்தளையிலிருந்து வருபவர் முதல் நேரத்தை எடுத்துக்கொண்டார். போகவந்தலாவையிலிருந்து வந்து வெள்ளவத்தையிலேயே தங்கியிருக்கும் பராமரிப்பாளர் கடைசி நேரத்தைத் தானாகவே கேட்டு வாங்கினார்.

சப்பாத்துத் தட்டு வெளிவிறாந்தைக்குப் போனது. உள்ளே இருந்த உயரமான எல்லாத் தளபாடமும் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கப்பட்டன.

பின்பு நடந்தவை

2025 தையில் புதிய முறை தொடங்கியது. எட்டு இடங்களுக்கு ஒன்பது பேர் கேட்டார்கள். மூன்று குடும்பங்கள் விலகின. இரண்டு பேருக்குக் கட்டணம் கட்டுப்படவில்லை. மூன்றாவது குடும்பம் அந்தக் கடிதத்தைப் படித்துப் பயந்து போனது. அவர்கள் போன இடத்தில் மாலை ஆறு மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டுப் போனார்களா என்பதுதான் என் கவலை. வெற்றிடங்கள் நிரம்பச் சித்திரை வரை எடுத்தது. அந்த மாதங்களில் நிறுவுநர் தனக்குச் சம்பளம் எடுக்கவில்லை.

அடிபட்ட பிள்ளையின் குடும்பம் விலகவில்லை. பல் சில மாதங்களில் தானாக இறங்கியது. பிறகொரு நாள் தகப்பன் சொன்னார்: "நீங்கள் அண்டைக்கு ரெண்டு பேர் நிண்டம் எண்டு சொல்லியிருந்தா நான் பிள்ளையை நிப்பாட்டியிருப்பன்." அன்று உள்ளே நின்ற பராமரிப்பாளர் வேலை விலகல் கடிதம் கொடுத்திருந்தார். நிறுவுநர் பதிவேட்டுப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார், கடிதத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

ஐந்தரைக்குப் பிள்ளையை எடுக்கவேண்டிய குடும்பங்களில் பிந்துவது வெகுவாகக் குறைந்தது. நடந்து வரும் தூரத்தில் இருந்த மூவரில் ஒருவர் மாலை இடம் வாங்கினார். மற்ற இருவரில் ஒருவருக்குப் பக்கத்து வீட்டு அன்ரி பிள்ளையை எடுத்து வந்து கொடுக்கிறார், மற்றவர் பிள்ளையை எடுத்த பிறகு சமைக்கிறார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. என்ன வாங்குகிறோம், அதற்கு யார் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. கைக்குழந்தைகளுக்கு மாலையில் இரண்டு இடம்தான் என்றதும் தாய்மார் தங்கள் அலுவலகங்களில் பேசத் தொடங்கினார்கள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை தாய்க்கு ஒரு வேலைநாளில் இரண்டு பாலூட்டல் இடைவேளை உண்டு. வேலையிடத்தில் பிள்ளை பராமரிக்க வசதி இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது பல தாய்மாருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இரண்டு தாய்மார் முகாமையாளரோடு பேசி ஓர் இடைவேளையை நாளின் கடைசிக்குத் தள்ளி எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இப்போது ஐந்து மணிக்கு முன்னரே வீட்டில். நிலையம் இந்தச் சட்ட விபரத்தை ஒரு பக்கத்தில் மூன்று மொழியிலும் அச்சிட்டு, கைக்குழந்தையைச் சேர்க்க வரும் ஒவ்வொரு தாய்க்கும் அனுமதிப் படிவத்தோடு கொடுக்கிறது.

இன்னும் மாறவேண்டியவை

திரும்பத் தொடங்குவதென்றால் பிள்ளைத் தொகையை முதலில் தீர்மானிக்க மாட்டேன் என்கிறார் நிறுவுநர். திறந்திருக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு எத்தனை ஆள்மணி வேண்டுமென்று பார்த்து, அதற்கு எவ்வளவு காசு என்று கணக்கிட்டு, கடைசியில்தான் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுவாராம். அவர் செய்தது மறுபக்கமாக இருந்தது. நான் பார்த்த நிலையங்களில் அநேகமானவையும் அப்படித்தான் தொடங்குகின்றன, ஏனென்றால் விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவதும் பிள்ளைத் தொகைதான்.

இன்னொன்று, பரிசோதனைக்கு வருபவர்களிடம் அரை மணிக் கணக்குக் கொப்பியை நிலையமே எடுத்துக் காட்டவேண்டும். முற்பகல் பத்து மணிக்கு வரும் ஒருவர் மாலை ஆறு மணியைப் பார்க்க வழியில்லை. கொப்பி அதைக் காட்டும். 2025இல் பதிவு புதுப்பிக்க வந்தவர்களிடம் அவர் அதைக் கொடுத்தார், அவர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள்.

காலைப் பக்கம் இன்னும் தீரவில்லை. ஏழரை முதல் ஒன்பது வரை இரண்டு பராமரிப்பாளர்களும் நிறுவுநரும்தான். எட்டேகாலுக்குள் 12 பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், அதில் நாலு கைக்குழந்தைகள். நிறுவுநருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கணக்கு உடனே உடைகிறது. ஒன்பது மணிக்காரர்களில் ஒருவரை எட்டு மணிக்குக் கொண்டுவந்தால் மாலை நாலரைக்குப் பிறகு ஒரு ஆள் குறையும். ஏழாவது ஆளை வைக்க இப்போதைய கட்டணத்தில் இடமில்லை. ஒரு கைக்குழந்தை இடத்தைக் குறைப்பதா, காலை ஏழு மணி வருகைக்கும் மாலைபோல எல்லை வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலை நேரக் கணக்கை இப்போது கால் மணிக்கு ஒரு முறை எழுதுகிறார்கள். அந்த எண்கள் சேர்ந்த பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு, கொப்பியை நடுவில் வைத்து முடிவெடுப்பதாக இருக்கிறார்கள்.